காலைல மட்டும் காணாமப் போன வைஃபை கார்டு

காலைல லேப்டாப்ப ஆன் பண்ணா வைஃபை இருக்காது. சிக்னல் வீக், பாஸ்வேர்டு ஏத்துக்கல, அப்படியெல்லாம் இல்ல, வைஃபைன்னு ஒரு சமாச்சாரமே இந்த மெஷின்ல கிடையாதுங்குற மாதிரி மெனுல அந்த வரியே இருக்காது, செட்டிங்ஸ்க்குள்ள போய்ப் பாத்தா அடாப்டர் எதுவும் காணோம்னு சொல்லும். ரீஸ்டார்ட் பண்ணுவேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நிக்கும், அன்னிக்கு முழுக்க ஒரு தடவை கூட அறுந்து போகாது. மறுநாள் காலைல திரும்ப அதே கதை. சில நாள் வரும், சில நாள் வராது. கிட்டத்தட்ட மூணு வாரம் இதோட மல்லுக்கட்டினேன். கார்டு டிடெக்ட் ஆகலன்னு தேட ஆரம்பிக்குறவங்க பெரும்பாலும் டிரைவர்லயே (கார்ட இயக்குற மென்பொருள்) நின்னுர்றாங்க, நானும் ரெண்டு வாரத்த அங்கதான் விட்டேன், அதனால நடந்தத நடந்த வரிசையிலயே எழுதி வைக்கிறேன், யாருக்காவது அந்த ரெண்டு வாரம் மிச்சமாகட்டும்.

மெஷின் ஒரு அஞ்சு வருஷப் பழைய லேப்டாப். டெபியன் 12ங்குற லினக்ஸ் மட்டும்தான் இருக்கு, கூட வின்டோஸ் கிடையாது. இத முதல்லயே சொல்லக் காரணம் இருக்கு, டூயல் பூட் (ஒரே மெஷின்ல வின்டோஸும் லினக்ஸும்) வச்சிருக்குறவங்களுக்கு வின்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஒரு தனித் தொல்லை, அது முழுசா ஷட்டவுன் ஆகாம பாதித் தூக்கத்துல போகும், கார்டையும் ஒரு அரைகுறை நிலைல விட்டுட்டுப் போயிரும், அடுத்து லினக்ஸ் பூட் ஆகும்போது கார்டு எழுந்திருக்காது. அந்த வழக்கு உங்களுதா இருந்தா வின்டோஸ்குள்ள போய் அந்த ஒரு டிக்க எடுத்துட்டுப் பாருங்க, பல பேருக்கு அதோட முடிஞ்சிரும். எனக்கு அது இல்ல.

எனக்கு முதல் சந்தேகம் லினக்ஸோட மையமான கர்னல் மேலதான். பிரச்சன ஆரம்பிக்குறதுக்கு நாலு நாள் முன்னாடிதான் ஒரு கர்னல் அப்டேட் வந்திருந்துச்சு. மாறினது அது ஒண்ணுதான்னு நெனச்சேன், அதனால ஆன் பண்ணதும் வர்ற க்ரப் மெனுல பழைய கர்னலத் தேர்ந்தெடுத்து பூட் பண்ணேன், கார்டு வந்துருச்சு! ஆஹா புடிச்சாச்சுன்னு பழைய கர்னலையே டீஃபால்ட்டா போட்டு அப்டேட்டையும் ஹோல்டு பண்ணி வச்சேன். ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாவது நாள் காலைல காணோம். சரி ஃபர்ம்வேரா (கார்டுக்குள்ள ஏத்துற மென்பொருள்) இருக்கும்னு அந்தப் பேக்கேஜ திரும்ப இன்ஸ்டால் பண்ணி இனிட்ராம்எஃப்எஸ்ஸ (பூட்டோட தொடக்கத்துல லோட் ஆகுற சின்ன ஃபைல் தொகுப்பு) திரும்பக் கட்டி ரீபூட் பண்ணேன், வந்துருச்சு. மறுநாள் காணோம். டிரைவர் மாட்யூலுக்கு மோட்ப்ரோப்ங்குற செட்டிங்ஸ் ஃபைல்ல பவர் சேவிங்க ஆஃப் பண்ணி ஒரு ஆப்ஷன், ரீபூட், வந்துருச்சு. மறுநாள் காணோம். பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்னு (பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையோட பவர் சேவிங்க நிறுத்துற ஆப்ஷன்) பூட்ல கர்னலுக்குக் குடுக்குற வரில சேத்து ரீபூட், வந்துருச்சு. அடுத்த நாள் கூட வந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் காணோம்.

இந்த எடத்துல ஒரு ராத்திரி உக்காந்து, இதுவரைக்கும் என்னென்ன செஞ்சேன்னு பேப்பர்ல வரிசையா எழுதிப் பாத்தேன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. நான் செஞ்ச ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பரிசோதன என்ன? ரீபூட். ரீபூட் பண்ணா எதுவுமே செய்யாமலும்தான் கார்டு வருது! அது முதல் நாள்லயே எனக்குத் தெரிஞ்ச விஷயம். அப்ப நான் பண்ண எந்தச் சோதனையும் சோதனையே இல்ல, எல்லா மருந்தும் வேல செஞ்ச மாதிரி காட்டும், ஏன்னா நோயே அந்த நேரத்துல இல்ல. நோய் வர்றது ராத்திரி முழுக்க அணஞ்சு கெடந்து காலைல எழும்போது மட்டும். அப்ப ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனதான் பண்ண முடியும், ஒரு நாளைக்கு ஒரு மாத்தம்தான் செய்யணும். இத ஏத்துக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஆனா இதுக்கப்பறம்தான் வேல உருப்படியா நகந்துச்சு.

முதல்ல போட்ட எல்லா மாத்தத்தையும் திருப்பி எடுத்தேன். ஹோல்டு எடுத்தேன், மோட்ப்ரோப் ஃபைல அழிச்சேன், ஏஎஸ்பிஎம் வரிய எடுத்தேன். சுத்தமான நெலமைலேர்ந்து பாத்தாத்தான் நாம பாக்குறது நோயா நம்ம மருந்தோட பக்க விளைவான்னு தெரியும்.

மறுநாள் காலைல கார்டு வரல. எனக்கு அன்னிக்கு சந்தோஷம்தான், கைல கெடச்சிருச்சே. ரீஸ்டார்ட் பட்டன்ல கை வைக்காம, ஃபோனோட இன்டர்நெட்ட யூஎஸ்பி கேபிள் வழியா எடுத்துக்கிட்டு அந்தக் கெட்ட பூட்டுக்குள்ளயே உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். முதல்ல ஆர்எஃப்கில் லிஸ்ட், மெஷின்ல என்னென்ன ரேடியோ இருக்கு, எது அணஞ்சிருக்குன்னு காட்டுற கமாண்டு. அதுல ப்ளூடூத்னு ஒரு வரி மட்டும் இருந்துச்சு, வைஃபை வரியே இல்ல. இது முக்கியம். ஸ்விட்ச்சோ ஃபங்ஷன் கீயோ அணைச்சு வச்சிருந்தா வைஃபைன்னு வரி இருக்கும், பக்கத்துல சாஃப்ட் பிளாக்டு இல்லன்னா ஹார்டு பிளாக்டுன்னு எஸ் போட்டிருக்கும், அது வேற வியாதி. வரியே இல்லன்னா கர்னல் கைல அப்படி ஒரு ரேடியோவே இல்லன்னு அர்த்தம்.

அடுத்து எல்எஸ்பிசிஐ, பிசிஐ பாதைல இருக்குற கார்டையெல்லாம் பட்டியல் போடுற கமாண்டு. நான் முதல் நாளே பாத்திருக்க வேண்டியது இதத்தான். எல்எஸ்பிசிஐ-ல கார்டோட வரி இருந்து, அதுக்குக் கீழ எந்த டிரைவர் பயன்பாட்டுல இருக்குங்குற வரி மட்டும் இல்லன்னா அது டிரைவர் பிரச்சன. டிரைவர் வந்து ஒட்டியிருக்கு ஆனா டிமெசேஜ்ல (கர்னலோட லாக்) ஃபர்ம்வேர லோட் பண்ண முடியல, எரர் மைனஸ் 2ன்னு இருந்தா அந்த ஃபைலே டிஸ்க்ல இல்ல, மைனஸ் 2ன்னா லினக்ஸ் பாஷைல அப்படி ஒரு ஃபைல் கிடையாதுன்னு அர்த்தம், பேக்கேஜப் போட்டாச் சரியாயிரும். டெபியன்ல இது ரொம்ப நாளா எல்லாருக்கும் நடந்த ஒண்ணு, 2022-ல ஓட்டெடுப்பு நடத்தி முடிவு பண்ணி 2023-ல வந்த டெபியன் 12-லேர்ந்துதான் இன்ஸ்டாலர்லயே அந்த ஃபர்ம்வேர் சேந்து வருது, அந்தப் பழைய ஞாபகம்தான் என்னையும் ஃபர்ம்வேர் பக்கம் இழுத்துட்டுப் போச்சு. மைனஸ் 110ன்னு வந்தா டைம்அவுட், கார்டு இருக்கு ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லல. இதெல்லாமே எல்எஸ்பிசிஐ-ல கார்டு தெரிஞ்சதுக்கு அப்பறம் வர்ற பஞ்சாயத்து.

எனக்கு எல்எஸ்பிசிஐ-லயே கார்டு இல்ல. கண்ணால தேடவேண்டாம்னு 0280ங்குற கிளாஸ் நம்பர் வச்சு வடிகட்டிப் பாத்தேன், வைஃபை கார்டெல்லாம் பொதுவா அந்த நம்பர்லதான் தன்னச் சொல்லிக்கும், வெறும் பிராம்ப்ட் திரும்ப வந்துச்சு. எல்எஸ்பிசிஐ-ல இல்லாத கார்டுக்கு டிரைவர மாத்துறது, ஆளே வராத வீட்டுல இலை போட்டுட்டு உக்காந்திருக்குற மாதிரி. ரெண்டு வாரமா நான் அதத்தான் செஞ்சிட்டிருந்தேன்.

ஆனா ப்ளூடூத் இருக்கே? ஆர்எஃப்கில்ல வந்துச்சு, யூஎஸ்பில இருக்குறதக் காட்டுற எல்எஸ்யூஎஸ்பி-லயும் தெரியுது, ஹெட்செட்டக் கூட கனெக்ட் பண்ணிப் பாத்தேன், பாட்டு ஓடுச்சு. வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டு. ஒரே சின்ன எம்.2 கார்டு, 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். அதுல பாதி உசுரோட இருக்கு பாதி இல்ல. இது எப்படின்னு யோசிச்சுக்கிட்டே அந்த ஸ்லாட்டோட பின் கணக்க எடுத்துப் பாத்தப்பதான் விஷயம் தெளிஞ்சுச்சு. இந்த வகைக் கார்டுல வைஃபை போறது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியா, ப்ளூடூத் போறது யூஎஸ்பி வழியா. ரெண்டும் ஒரே ஸ்லாட்டுக்குள்ள வேற வேற பின். ஈ கீங்குற இந்த ஸ்லாட்ல பின் எண்ணிக்கை 75 வரைக்கும் போகும், 24-லேர்ந்து 31 வரைக்கும் இருக்க வேண்டிய எடத்துல ஒரு வெட்டு, அந்த வெட்டு கார்ட ஒரு சின்னப் பகுதி ஒரு பெரிய பகுதின்னு பிரிக்குது. யூஎஸ்பி இருக்குறது பின் 3, பின் 5, அதாவது சின்னப் பகுதி. பிசிஐ எக்ஸ்பிரஸோட டேட்டா 35, 37, அப்பறம் 41, 43, கிளாக் 47, 49, ரீசெட் 52, எல்லாம் பெரிய பகுதி. கரண்ட் 3.3 வோல்ட் ரெண்டு ஓரத்துலயும் வருது, இந்தப் பக்கம் 2, 4, அந்தப் பக்கம் 72, 74. அப்ப கார்டு ஒரு பக்கமா லேசாத் தூக்கிட்டு நின்னா என்ன ஆகும்? கரண்ட் கெடைக்கும், ப்ளூடூத் ஓடும், வைஃபை இருக்காது. அப்படியே நான் பாக்குறது!

(இன்டெல்லோட சிஎன்விஐ வகை கார்டு வச்சிருக்கவங்க இந்தக் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க, அதுல வைஃபையோட பாதி மூளை சிப்செட்டுக்குள்ளயே இருக்கு, பின் ஏற்பாடே வேற.)

ஆனாலும் உடனே ஸ்க்ரூட்ரைவரத் தூக்கல. சந்தேகம்தானே, சாட்சி வேணும். முதல்ல அந்தக் கெட்ட பூட்லயே பிசிஐ பஸ்ஸ ரீஸ்கேன் பண்ணச் சொன்னேன், சிஸ்ஃபைல்சிஸ்டம்ல (கர்னல் தன் நெலமைய ஃபைலாக் காட்டுற எடம்) பிசிஐக்குக் கீழ ரீஸ்கேன்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல 1ன்னு எழுதினா கர்னல் திரும்ப ஒரு சுத்து தேடும். ஒண்ணும் வரல. அப்பறம் எல்எஸ்பிசிஐ வெளியீட்ட ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, நல்ல பூட்லயும் ஒண்ணு எடுத்து ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு டிஃப் போட்டுப் பாத்தேன். ஒரு வரி குறையும்னு நெனச்சேன், ரெண்டு வரி குறைஞ்சிருந்துச்சு. கார்டு மட்டும் இல்ல, கார்டுக்கு மேல இருக்குற பிசிஐ பிரிட்ஜும், அதாவது கார்டு மாட்டியிருக்குற போர்ட்டும் காணோம்.

ஆன் பண்ண உடனே பயாஸ், அதாவது மெஷின்ல முதல்ல ஓடுற மென்பொருள், ஒவ்வொரு போர்ட்டையும் தட்டிப் பாக்கும், யாராவது இருக்கீங்களான்னு. பதில் வரலன்னா நெறைய பயாஸ் அந்தப் போர்ட்டையே மூடிட்டுப் போயிரும், காலி ஸ்லாட்டுக்கு எதுக்குக் கரண்டுன்னு. அதுக்கப்பறம்தான் க்ரப் வரும், அதுக்கப்பறம்தான் கர்னல் வரும். கர்னல் வந்து பாக்கும்போது கதவு மட்டும் இல்ல, கதவு இருந்த எடத்துல செவுருதான் இருக்கு. ரீஸ்கேன் பண்ணா எப்படி வரும்? ஆக தப்பு நடக்குறது லினக்ஸ் எழுந்திருக்குறதுக்கே முன்னாடி. இத என் கண்ணால பாத்ததும் கர்னல் மேல இருந்த சந்தேகம் முழுசாப் போயிருச்சு.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்துச்சு, நேரம். கார்டு மெதுவா எழுந்து பயாஸ் அவசரப்பட்டுப் போயிருச்சோன்னு. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி ரீசெட்ட விட்டதுக்கு அப்பறம் கார்டுகிட்ட முதல் கேள்வி கேக்க 100 மில்லிசெகண்டாவது காத்திருக்கணும், ஃபாஸ்ட் பூட் போட்ட பயாஸ் இதையெல்லாம் இறுக்கிப் புடிச்சு ஓடும். என் பயாஸ்ல ஃபாஸ்ட் பூட்ட ஆஃப் பண்ணிட்டு, தொடக்கத்துல கூடுதலா 10 செகண்ட் காத்திருக்குற ஆப்ஷன் இருந்துச்சு அதையும் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சோதனதானே, மூணு காலை ஆச்சு. ரெண்டாவது காலைலயே கார்டு இல்ல. நேரம் இல்ல காரணம்.

இதுக்கு நடுவுல லாகெல்லாம் படிக்குற ஜர்னல்சிடிஎல் கமாண்ட எடுத்துப் பழைய பூட்டையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சேன், இந்த முழு வேலைலயும் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான். லிஸ்ட்-பூட்ஸ்னு குடுத்தா இதுவரைக்கும் நடந்த பூட் எல்லாம் தேதி நேரத்தோட வரும் (சில டிஸ்ட்ரோல வார்-லாக்-ஜர்னல் ஃபோல்டரே இல்லாம இருக்கும், அப்படின்னா ஒவ்வொரு ரீபூட்டுக்கும் லாக் அழிஞ்சிரும், அந்த ஃபோல்டர உருவாக்கிட்டா அதுக்கப்பறம் சேமிக்க ஆரம்பிச்சிரும்). ஒவ்வொரு பூட்லயும் 028000ங்குற கிளாஸ் நம்பர் இருக்குற வரி கர்னல் லாக்ல இருக்கா இல்லையான்னு ஒரு சின்ன லூப் எழுதி ஓட விட்டேன். கடைசி 6 வாரத்துல 58 பூட், அதுல 11-ல கார்டு இல்ல. அந்த 11-ம் முந்தின ஷட்டவுன்லேர்ந்து குறைஞ்சது 6 மணி நேரம் கழிச்சு ஆன் பண்ணது. மதியம் சாப்பிட்டுட்டு வந்து ஆன் பண்ண ஒரு பூட்ல கூட கார்டு தவறல. ஆறிப்போன மெஷின்ல மட்டும் காணோம், சூடா இருந்தா வருது.

அப்படியே இன்னும் பின்னால போனேன், நாலு மாசம் பின்னால. ஒரு நாள் லாக்ல ஆயிரக்கணக்குல ஒரே வரி. பிசிஐஇ பஸ் எரர், தீவிரம் கரெக்டடு, வகை ஃபிசிக்கல் லேயர். அத படிச்ச உடனே எனக்கு ஞாபகம் வந்துருச்சு. இந்த வரி அப்ப ஸ்க்ரீன்ல கொட்டிக்கிட்டே இருந்துச்சு, லாக் ஃபைல் வீங்கிக்கிட்டே போச்சு, தேடினப்போ எல்லா எடத்துலயும் சொன்னது ஒரே தீர்வு, கர்னல் வரில பிசிஐ=நோஏஇஆர்னு சேருங்க, மெசேஜ் நின்னுரும். சேத்தேன், நின்னுச்சு. அதோட மறந்தும் போயிட்டேன். ஏஇஆர்ங்குறது பிசிஐ எக்ஸ்பிரஸ்ல நடக்குற தப்பையெல்லாம் மேல சொல்ற ஏற்பாடு. கரெக்டடுன்னா தப்பு வந்துச்சு ஆனா ஹார்டுவேரே சரி பண்ணிக்கிச்சுன்னு அர்த்தம். ஃபிசிக்கல் லேயர்னா கம்பில, பின்ல, மின்சாரத்துல தப்பு, சாஃப்ட்வேர் வரைக்கும் போகவே இல்ல. கார்டு நாலு மாசம் முன்னாடியே எனக்கு இங்க புடிமானம் சரியில்லன்னு கத்தியிருக்கு, நான் அதோட வாய அடச்சிருக்கேன். இத எழுதும்போது கூட மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

சரி எந்த பூட்லேர்ந்து அந்த வரி ஆரம்பிச்சுதுன்னு பாத்தேன். அதுக்கு முந்தின பூட்ல ஒரு எரர் கூட இல்ல. அந்த ரெண்டு பூட்டோட ஆரம்ப வரிகளப் பக்கத்துல பக்கத்துல வச்சேன், ஒரே ஒரு வித்தியாசம், மெமரி வரி. முந்தினதுல 8 ஜிபி, அடுத்ததுல 16 ஜிபி. நான் ரேம் மாத்தின நாள்! பின் மூடியக் கழட்டி, கை உள்ள போன நாள்.

இன்னும் ஒரே ஒரு சோதன பண்ணிட்டுத் திறக்கலாம்னு முடிவு பண்ணேன். கார்டு எங்க இருக்குன்னு தெரியும், இடது கை வைக்குற எடத்துக்கு நேர் கீழ. அடுத்த ஆறு காலைல, ஒரு நாள் சும்மா ஆன் பண்றது, ஒரு நாள் அடிப்பக்கம் அந்த எடத்துல கட்ட விரலால லேசா அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஆன் பண்றது, மாத்தி மாத்தி. அழுத்தின மூணு நாளும் கார்டு வந்துச்சு. அழுத்தாத மூணு நாள்ல ரெண்டு நாள் வரல. ஆறு நாள் ஒண்ணும் பெரிய கணக்கு இல்லதான், ஆனா பின் கணக்கு, பிரிட்ஜ் காணாமப் போனது, ஃபிசிக்கல் லேயர், ரேம் மாத்தின தேதி, எல்லாம் ஒரே எடத்தக் கை காட்டுச்சு.

திறந்தேன். முதல் வேல, சார்ஜரப் புடுங்கி, ஷட்டவுன் பண்ணி, மூடி திறந்ததும் வேற எதையும் தொடாம பேட்டரி கனெக்டரக் கழட்டுறது. இத விட்டுட்டு நேரா கார்டுல கை வைக்காதீங்க, ஷட்டவுன்ல கூட 3.3 வோல்ட் அந்த ஸ்லாட்ல நின்னுட்டு இருக்கலாம், ஸ்க்ரூட்ரைவர் முனை ஒரு தடவை வழுக்கினா போதும். அப்பறம் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டேன், ரெண்டு ஆன்டெனா வயர் எது எங்கன்னு தெரியுறதுக்கு. அந்த ஃபோட்டோவப் பெருசு பண்ணிப் பாக்கும்போதே தெரிஞ்சு போச்சு. கருப்பு ஆன்டெனா வயர் கார்டுக்கு மேலயோ ஓரத்துலயோ போகல. கார்டுக்கு அடில போய் அந்தப் பக்கம் வெளிய வந்து வளைஞ்சு மேல கனெக்டர்ல ஏறியிருக்கு. ரேம் ஸ்லாட் பக்கத்துலயே இருக்கு, அன்னிக்கு வயர ஒதுக்குறதுக்காகக் கார்டத் தளத்தி, திரும்ப மாட்டும்போது வயர் அடில மாட்டிக்கிட்டத நான் கவனிக்கல, அதுக்கு மேலயே ஸ்க்ரூவ இறுக்கியிருக்கேன். அந்த வயர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட தேறாது. ஆனா 22 மில்லிமீட்டர் அகலக் கார்டுல ஒரு ஓரத்த மட்டும் தூக்குறதுக்கு அது தாராளமாப் போதும், தூக்கினது வெட்டுக்கு அந்தப் பக்கம், பெரிய பகுதி.

கனெக்டர் ரெண்டையும் வயரப் புடிச்சு இழுக்காம பிளாஸ்டிக் நெம்புகோல் வச்சு நேரா மேல தூக்கினேன், இந்தக் குட்டி கனெக்டரெல்லாம் அடிக்கடி கழட்டி மாட்டுறதுக்குன்னு செஞ்சதே இல்ல, சாய்ச்சு இழுத்தா நடு முள் வளைஞ்சிரும். ஸ்க்ரூவ எடுத்ததும் கார்டு தானா மேல எழும்பும், அது சரியான விஷயம்தான், ஸ்லாட்ல ஸ்ப்ரிங் அப்படித்தான். கார்ட வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிச்சு அந்தத் தங்கப் பட்டைகளப் பாத்தேன். ஸ்லாட்டோட ஸ்ப்ரிங் கம்பி ஒவ்வொரு பட்டைலயும் உரசி ஒரு சின்னக் கோடு போட்டிருக்கும், மெல்லிசா, பளபளன்னு. சின்னப் பகுதில அந்தக் கோடு எல்லாப் பட்டைலயும் ஒரே நீளம், ஒரே எடத்துல முடியுது. பெரிய பகுதில வெட்டுக்குப் பக்கத்துல சரியா ஆரம்பிச்சு, ஓரத்துக்குப் போகப் போக கோடு குட்டையாகிட்டே போகுது, மாடிப்படி மாதிரி. கடைசி எட்டு பத்து பட்டைல கோடு பாதிதான், அதுவும் மங்கலா, மேல லேசாப் பழுப்பு. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். மூணு வாரமா லாக்ல தேடினது எல்லாம் அந்த ரெண்டு சென்டிமீட்டர்ல எழுதி வச்சிருந்துச்சு.

இப்ப சூட்டுக்கும் குளிருக்கும் கணக்கு சரியாப் போச்சு. மெஷின் ஓடிச் சூடானா போர்டும் கார்டும் கொஞ்சம் விரியும், தொட்டும் தொடாம நிக்குற கம்பி தொட்டுக்கும். ராத்திரி ஆறினா விட்டுரும். முதல் மூணு மாசம் ஸ்ப்ரிங்குக்கு இழுத்துப் புடிக்கத் தெம்பு இருந்துச்சு, எரர் மட்டும் வந்துச்சு, கார்டு தெரிஞ்சுச்சு, போகப் போகப் பட்டைல படிவு சேந்து அதுவும் முடியாமப் போச்சு. கர்னல் அப்டேட் அந்த வாரம் வந்தது வெறும் தற்செயல்.

சுத்தம் பண்றதுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 99 சதவீதம், பஞ்சு உதிராத துணி. ரப்பர் வச்சுத் தேய்க்கச் சொல்லி நெறையப் பேர் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, மேல இருக்குறது ரொம்ப மெல்லிசான தங்கப் பூச்சு, ரப்பர் அதையும் சேத்து வழிச்சிரும், போதாததுக்குத் துகள் ஸ்லாட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். துணியால ஒரே திசைல, கார்டு உள்ள போற திசைல, நாலஞ்சு தடவை துடைச்சேன், பழுப்பு துணில ஏறுச்சு. ஸ்லாட்டுக்குள்ள எதையும் விடல, வாய் வச்சும் ஊதல, ஈரம் போகும், சின்ன ஏர் பம்ப்பால ரெண்டு அடி மட்டும். கருப்பு வயர எடுத்து ஓரத்துல இருக்குற கொக்கிக்குள்ள செருகி, கார்டுக்கு அடில எதுவும் இல்லன்னு டார்ச் அடிச்சுப் பாத்து, கார்ட சாய்வா முழுசா உள்ள தள்ளி, தங்கப் பட்டை வெளிய ஒரு நூல் மட்டும் தெரியுற வரைக்கும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாத்து, அப்பறம் படுக்க வச்சு ஸ்க்ரூ. ஸ்க்ரூவ முரட்டுத்தனமா இறுக்க வேண்டாம், படிஞ்சதும் கால் சுத்து போதும். கனெக்டர் ரெண்டும் விரல் நுனியால நேரா அழுத்தினா டிக்குனு ஒரு சின்னச் சத்தம் வரும், சத்தம் வரலன்னா உக்காரல.

க்ரப் கான்ஃபிக் ஃபைல்லேர்ந்து நோஏஇஆர எடுத்துட்டு அப்டேட்-க்ரப் ஓட்டினேன். இது எனக்கு ரிப்பேர்ல ஒரு பாதி. எரர் வந்தா இனிமே எனக்குத் தெரியணும். அதோட பூட் ஆனதும் ஒரே ஒரு வரி எழுதுற சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு சிஸ்டம்டி-ல (பூட் ஆகும்போது புரோகிராமையெல்லாம் ஆரம்பிச்சு வைக்குறது) போட்டேன், தேதி, வைஃபை இருக்கா, ப்ளூடூத் இருக்கா, கடைசில கார்டோட ஏஇஆர் கரெக்டபிள் கவுன்ட்டர். அந்தக் கவுன்ட்டர் சிஸ்ஃபைல்சிஸ்டம்ல கார்டோட ஃபோல்டருக்குள்ளயே ஒரு ஃபைலா இருக்கு, எத்தன தப்பு சரி பண்ணப்பட்டுச்சுன்னு மொத்தம் கடைசி வரில வரும், டிமெசேஜ்ல வரி வரியாத் தேட வேண்டாம்.

அதுக்கப்பறம் ஒவ்வொரு காலையும் ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு நெஞ்சு படபடப்பு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். முதல் காலை வந்துச்சு, அத நம்பல. ரெண்டாவது, மூணாவது, முந்தி கூட மூணு நாள் தொடர்ந்து வந்திருக்கே. அஞ்சாவது நாள் வேணும்னே ரெண்டு நாள் தொடாம வச்சிருந்து ஆன் பண்ணேன், வந்துச்சு. 20 காலை ஆனப்பறம்தான் ஃபோன் கேபிளப் பையிலேர்ந்து வெளிய எடுத்து வச்சேன். புது கார்டு ஒண்ணு ஆர்டர் பண்ணலாம்னு எடுத்து வச்சிருந்தேன், அதையும் கான்சல் பண்ணிட்டேன்.

இப்ப அந்த ஸ்கிரிப்ட் ஃபைல்ல 47 வரி இருக்கு. எல்லாத்துலயும் வைஃபை இருக்கு, ப்ளூடூத் இருக்கு, கடைசி நம்பர் 0.